பதினோராவது தட்டு

இது நிகழ்வதற்கு முன் என் நிலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படித்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். மனைவியை இழந்து ஆறாண்டுகள் ஆனவன். கெடா மாநிலத்தில் பாலிங் முதல் பண்டார் பாரு வரை, தோட்டமாயினும் டவுனாயினும், மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போடப் புறப்பட்டால் முன்னின்று பேச என்னையே அழைப்பார்கள். நான் பேசி முடித்த திருமணங்களில் இரண்டே முறிந்தன. இரண்டிலும் தகராறு சாப்பாட்டில் தொடங்கியது, என் பேச்சிலன்று.

அவ்வனுபவத்தில் ஒன்றைக் கண்டுகொண்டேன். பெண் பார்க்கச் செல்லும் ஆண்கள் கூடத்தில் அமர்ந்து பெண்ணின் படிப்பையும் வேலையையும் விசாரிப்பார்கள். பெண்கள் தண்ணீர் கேட்கும் சாக்கில் சமையலறைக்குள் சென்று, அவ்வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதை அறிந்து திரும்புவார்கள். முடிவு காரிலேயே எடுக்கப்பட்டுவிடும். ஆண்கள் அதை மறுநாள் அறிவிப்பார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்தவர் ஒருவரே. மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், கோயில் நிர்வாகக் குழுவில் என்னோடு இருந்தவர். கூட்டம் முடிந்ததும் சுங்கைப் பட்டாணியில் மாமாக் கடை எனப்படும் ஒரு தமிழ் முஸ்லிம் உணவுக் கடையில் தேநீர் அருந்துவோம். யாரும் என்னிடம் ஆலோசனை கேட்காத நேரம் வாரத்தில் அது ஒன்றே.

ஒருநாள் அவர் கேட்டார்: “உங்களுக்கும் பொண்டாட்டி இல்ல, எனக்கும் புருஷன் இல்ல. நீங்க சபையில முன்னுக்கு நின்னு பேசலாம். நான் பரிசத் தட்டத் தொட்டா ஆகாது. என்ன லா சார், இது?”

இன்னொரு தேநீர் சொன்னேன்.

பிறகு மெர்போக்கில் ஒரு பரிசம். பெண் வீட்டுக்குப் பதினொரு தட்டுகள் போக வேண்டும்; எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது முறை. ஏந்திச் செல்லும் சுமங்கலிகள் பத்துப் பேரே வந்திருந்தனர். சேலையும் மல்லிகையும் குங்குமமும் வைத்த முதன்மைத் தட்டை ஏந்த வேண்டிய மாப்பிள்ளையின் அக்காள், கார் டயர் வெடித்து வழியில் நின்றுவிட்டார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடமே இருந்தது.

“சார், ஏதாச்சும் செய்ங்க சார்,” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவராக வந்திருந்த தாதி ஓரமாக நின்றிருந்தார். தேநீர்க் கடையில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக எனக்கு அக்கணத்தில் தோன்றியது. தட்டை இரு கைகளாலும் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“யோசிச்சுத்தான் குடுக்குறீங்களா சார்?”

“ஆம்,” என்றேன்.

அவர் வாங்கிக்கொண்டார். பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: “ஐயோ அக்கா, பரிசம் இங்கேயே முடிஞ்சிருச்சு லா!”

பெண் வீட்டார் பதினொரு தட்டுகளையும் மறுப்பின்றி ஏற்றார்கள். அந்தத் திருமணத்திற்கு ஒரு குறையும் நேரவில்லை. நேர்ந்ததெல்லாம் எனக்கே. யாரோ கைப்பேசியில் படம் எடுத்திருந்தார்கள். அதில் நான் சேலைத் தட்டோடு அவர் முன் சற்றே குனிந்து நிற்கிறேன். குனிந்தது முதுகுவலியால். மாலைக்குள் அது பினாங்கிலுள்ள என் மகனை எட்டியது.

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா. எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபன இல்ல.”

நடந்ததை முறையாக விளக்கினேன். விளக்க விளக்கக் கல்யாணச் செய்தி மேலும் உறுதிப்பட்டது. ஆட்டிறைச்சிக் கடைக்காரர்கூட என் கையைக் குலுக்கினார்.

அடுத்த கூட்டத்திற்குத் தாதி வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்திற்கும் வரவில்லை. சட்டையைத் தேய்த்து உடுத்திக்கொண்டு, ஒரு முற்பகலில் அவர் வீட்டிற்குச் சென்றேன்.

“தங்கள் நற்பெயருக்கு என்னால் நேர்ந்த இழுக்கிற்கு மன்னிப்புக் கோருகிறேன்,” என்றேன். வழி நெடுக அமைத்துக்கொண்டு வந்த வாக்கியம் அது.

“மன்னிப்புக் கேக்கத்தான் வந்தீங்களா? வேற ஒண்ணும் கேக்க வரலையா சார்?”

எத்தனையோ கூடங்களில் அமர்ந்து பிறருக்காக அதைக் கேட்டிருக்கிறேன். அந்த வாசகம் எனக்கு மனப்பாடம்.

“இல்லை,” என்றேன்.

அவர் உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்தார். சீனி எனக்கு வேண்டிய அளவே இருந்தது. மறுமாதம் பாலிங்கிலுள்ள மகள் வீட்டோடு போய்விட்டார்.

நான் பெண் கேட்டதாகவும் அவர் மறுத்துவிட்டதாகவும் இங்கே பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் மறுக்கவில்லை. நான் கேட்கவில்லை.