பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு பூட்டு

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைக் காம்பரா ஜீப் ரோட்டுக்கு மேலே, படி ஏறிப் போகிற மேட்டில் இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட பிறகு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அதுவரை பார்த்துக்கொள்கிற ஆயா என் மனைவி.

ஒரு நாள் பிள்ளை ஒன்று கீழே இருக்கிற கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. கேட்டுக்கு அப்போது ஒரு கயிறுதான் கட்டியிருந்தது. பீர்மேட்டிலிருந்து வந்த ஜீப்காரர் வளைவில் பிரேக் போட்டு இறங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்து கொடுத்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதன் கையிலிருந்த பிஸ்கட்கூடக் கீழே விழவில்லை. ஆனால் விஷயம் பீல்டு ஆபீசர் காதுக்குப் போயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஆயா வேலை கிடையாது, திரும்பவும் மலைக்குத்தான் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அவளுக்கு மூட்டு போனதால்தான் இந்த வேலையே கொடுத்தார்கள். சரிவில் கூடையோடு இனி அவளால் நிற்க முடியாது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவள் பேரில் இருக்கிறது. நான் எஸ்டேட் ஆள் இல்லை, டவுனில் மிக்ஸியும் டிவியும் ரிப்பேர் பார்க்கிறவன். அவளுக்கு வேலை போனால் வீடும் போகும்.

நான் சும்மாவே பயப்படுகிறவன். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பை விட்டு வந்ததும் ஒரு பயத்தில்தான். பரீட்சை வரும் முன்பே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அப்படிப்பட்டவனுக்கு ஆபீசர் சொன்னதைக் கேட்ட பிறகு சோறு இறங்கவில்லை.

“ஒரு பூட்டு செய்யுங்க. நீங்கதான் ஊர்ச் சாமானையெல்லாம் பிரிச்சு மாட்டுறீங்களே” என்றாள் அவள்.

சாதாரணப் பூட்டு ஆகாது. ஒவ்வொரு தாய் வரும்போதும் சாவியோடு அவள் படி இறங்க வேண்டும். அந்த நேரம் மேலே பிள்ளைகள் தனியாக இருக்கும். அப்போதுதான் கார்டு ஞாபகம் வந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் காட்டுவதற்காக எஸ்டேட்டில் எல்லாப் பெண்களுக்கும் கார்டு கொடுத்திருந்தார்கள். அதில் கறுப்புக் கோடுகளாக பார்கோடு இருக்கும். அந்தக் கோடுகளையே கேட்டுக்குச் சாவியாக்கினால் என்ன?

மூடிப்போன ஒரு பலசரக்குக் கடையிலிருந்து பழைய பார்கோடு ஸ்கேனர் கிடைத்தது. பிள்ளைகள் விளையாட்டாகச் செய்து பழகுகிற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு இரண்டு தபாலில் வரவழைத்தேன். கீழே கேட்டில் ஒன்று, மேலே காம்பராவில் ஒன்று. நடுவில் ஒயர் இழுத்தால் காட்டுப்பன்றி தோண்டிப் போடும் என்பதால் இரண்டும் காற்றிலேயே பேசிக்கொள்ளும்படி சின்ன ரேடியோ வைத்தேன். கேட்டில் கார்டைக் காட்டினால் எண் மேலே போகும். அங்கே இருக்கிற பட்டியலில் அந்த எண் இருந்தால் ஒரு நீண்ட மணி அடித்து, கீழே பூட்டு திறக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு, மேலே இரண்டு குட்டை மணி.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு ஒரு மழைக்காலம் ஆனது. மலையாளத்தில் ஒருவர் போனில் வீடியோ போட்டுச் சொல்லித் தருவார். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி அடிப்பேன். எண் சரியாகப் போய்ச் சேர்ந்தும் பூட்டு திறக்காமல் பல நாள் அழ வைத்தது. கடைசியில் பார்த்தால், ஸ்கேனர் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. வரி முடிந்தது என்பதற்கான குறியாம். அதை வெட்டி எறிந்ததும் பூட்டு ‘டக்’ என்று திறந்தது. நான் பிறகும் நம்பாமல் ஐம்பது தடவையாவது காட்டிப் பார்த்திருப்பேன்.

பயம் மட்டும் குறையவில்லை. மழைத்தண்ணீர் ஸ்கேனருக்குள் போனால்? பிஸ்கட் டின்னை வெட்டிக் கூரை வைத்தேன். கார்டில் கொழுந்துக் கறை படிந்தால்? கேட்டில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டேன். கரண்ட் போனால்? இதுதான் என்னை வாட்டியது. கரண்ட் போனதும் பூட்டு தானாகத் திறந்துகொண்டால் பிள்ளை ரோட்டுக்குப் போகும். பூட்டியே இருந்தால், உள்ளே தீ கீ பிடித்தால் என்ன ஆவது? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துக் கடையில் ஒருவருடைய டிவியைத் தப்பாக மாட்டிக் கொடுத்தேன்.

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கரண்ட் போனா நானும் போயிருவனா? பூட்டியே இருக்கட்டும். கேட்டுக்கு உள்பக்கம் என் கைக்கு எட்டுற உசரத்துல ஒரு கொக்கி வைங்க. அத இழுத்தா தொறக்கணும். அம்புட்டுத்தான்.”

அப்படியே செய்தேன்.

மாட்டிய அன்று பெண்கள் கேட்டைச் சுற்றி நின்றார்கள். நடு லயத்து அக்கா ஒருவர் கார்டைக் காட்டி, பூட்டு திறந்ததும் பின்னால் ஒரு அடி நகர்ந்துகொண்டார்.

“தம்பி, எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடு. எம்புருசன் வாயை ஊதிக் காட்டுனா மட்டும் தொறக்கணும்.”

“அப்பறம் அந்த மனுசன் வாசல்லயே குடியிருக்க வேண்டியதுதான்” என்றார் இன்னொருவர்.

பட்டியலை நான் ரொம்பக் கறாராக வைத்திருந்தேன். அவரவர் கார்டுக்கு அவரவர் பிள்ளை. மேலே சின்னத் திரையில் தாயின் எண் வரும். அந்தப் பிள்ளையை மட்டும்தான் ஆயா அனுப்ப வேண்டும். இது லயத்து வழக்கத்துக்கு ஒத்துவராது என்று மனைவி முதலிலேயே சொன்னாள். இங்கே யாருடைய கூடை முதலில் நிறுத்து முடிகிறதோ அந்தப் பெண் வந்து, தன் லயத்துப் பிள்ளைகள் அத்தனையையும் கூட்டிக்கொண்டு போவாள். மற்றவர்கள் மெதுவாகக் கடைக்கோ விறகுக்கோ போய்விட்டு வருவார்கள். அது அப்படித்தான் நடந்து வருகிறது.

“நாளைக்கு எவளோ ஒருத்தி கூட்டிட்டுப் போயிட்டா யாரு பதில் சொல்றது?” என்றேன்.

“எவளோ ஒருத்தியா? பெத்தவளுக்கு முன்னால அந்தப் பிள்ளைகளக் குளுப்பாட்டி விட்டவளுக அவுக.”

நான் கேட்கவில்லை. முதல் வாரம் என்ன நடந்தது என்றால், ஒருத்தி வந்து தன் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பியதும், கூடவே போய்ப் பழகிய மற்ற பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு படியில் பின்னால் ஓடின. பூட்டு திறந்த கேட்டில் கூட்டமாகப் பிதுங்கின. பிஸ்கட் பிள்ளை கிட்டத்தட்ட ரோட்டைத் தொட்டுவிட்டது. முன்னால் போன அந்தப் பெண்தான் அதன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பூட்டு மாட்டாத காலத்தில்கூட இத்தனை ஆபத்து இருந்ததில்லை.

அன்றைக்கே பட்டியலை மாற்றினேன். ஒரு லயத்தின் எந்தக் கார்டைக் காட்டினாலும் திரையில் அந்த லயத்தின் பெயர் வரும், பிள்ளைகள் எத்தனை என்று வரும். மனைவி எண்ணி, கை கோத்து அனுப்புவாள். அதற்குப் பிறகு சாயங்காலம் அமைதியாகிவிட்டது.

ஆபீசர் பார்க்க வருகிறார் என்று சொன்ன நாளில் நான் கடைக்குப் போகவில்லை. தூறலும் மஞ்சுமாக இருந்தது. கேட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பாட்டரியைப் பார்த்தேன், கொக்கியைப் பார்த்தேன், ஸ்கேனர் கண்ணாடியைச் சட்டையால் துடைத்துத் துடைத்துச் சட்டை நனைந்துவிட்டது. கீழே கேட்டில் நின்றேன். ஜீப் வந்தது. அவர் மலையாளி, எங்களோடு பேசும்போது தமிழும் மலையாளமும் கலந்து வரும்.

“இதாணோ சாதனம்? கொள்ளாம், நல்லா இருக்கு. எப்படி?”

“கார்டு காட்டினாத் தொறக்கும் சார்.”

நான் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அவர் கழுத்தில் தொங்கிய தன் கார்டையே எடுத்து நீட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே இரண்டு குட்டை மணி கேட்டது. அவர் கார்டைத் திருப்பி நீட்டினார். மறுபடி சிவப்பு.

“எந்தாடோ இது? நம்முடெ கார்டு எடுக்கில்லே?”

செய்யும்போது பன்றியை யோசித்தேன், கறையை யோசித்தேன், தீயை யோசித்தேன். ஆபீசர் கார்டைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? கார்டு என்றால் நாங்கள் நீட்டுவது, அவர்கள் பார்ப்பது. ஒரு ஆபீசர் எங்கேயும் கார்டை நீட்டி நின்று நான் பார்த்ததில்லை. காம்பராவில் யாருக்கும் தோன்றவில்லை, என் மனைவிக்கும் தோன்றவில்லை.

மனைவி மேலே வாசலில் தெரிந்தாள். கொக்கியை இழு என்று கையால் சைகை காட்டினேன். அவள் மெதுவாகப் படி இறங்கி வந்து, கேட்டுக்கு உள்ளேயே நின்றாள்.

“ரெண்டு தடவ மணி அடிச்சுது. யாருன்னு பாக்க வந்தேன்.”

“ஞானாணு, நான்தான்” என்றார் அவர்.

“தெரியுது சார். ஒரு நிமிசம் இருங்க. பிள்ளைகள உள் ரூம்ல விட்டுட்டு வாரேன். நீங்க வரும்போது கேட்டு தொறந்து கெடந்தா ஓடிரும்.”

சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினாள். மூட்டு வலி, ஒவ்வொரு படிக்கும் கையை ஊன்றி ஏறினாள். ஆபீசர் தூறலில் நின்றார். நான் குடையை அவர் பக்கம் சாய்த்தேன். சாய்த்த வேகத்தில் குடைத்தண்ணீர் அவர் தோளிலேயே சொட்டியது. மேலே உள் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் எண்ணுகிற குரலும் கேட்டது. பிறகு இறங்கி வந்து கொக்கியை இழுத்தாள்.

அவர் உள்ளே போனார். காம்பராவைச் சுற்றிப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கட்டன் டீ குடித்தார். இறங்கும்போது கேட்டருகில் நின்று, பூட்டைப் பிடித்து ஆட்டினார்.

“என்னையும் வெளியில நிறுத்தி, அல்லே?”

அவள் கொக்கியை இழுத்து அவருக்கு வழிவிட்டாள்.

“சரி. நீங்க இவிடெத்தன்னெ இருந்தா போதும். பீல்டு வேண்டா.” பிறகு என் பக்கம் திரும்பி, “எடோ, என்ற கார்டையும் அதில் கேற்றிக்கோ” என்றார்.

“சரி சார்” என்றேன். ஜீப் வளைவு தாண்டும் வரை நின்றேன். அதற்கப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் போர்டை எடுத்து ஒயரை மாட்டினேன். அவர் கார்டு எண்ணைச் சேர்க்க வேண்டும். மனைவி மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“அவுக பிள்ளை இங்க இருக்கா?”

“இல்ல.”

“எந்த லயம்னு போடுவீங்க?”

லயம் போடாமல் பட்டியலில் எண் ஏறாது. ஒயரைக் கழற்றி வைத்தேன். அவர் எண் இன்றும் பட்டியலில் இல்லை. எப்போதாவது வருகிறார். இரண்டு குட்டை மணி அடிக்கிறது, அவள் பிள்ளைகளை எண்ணி உள்ளே விட்டுவிட்டு இறங்கிப் போகிறாள், அவர் நின்று காத்திருந்து உள்ளே போகிறார். ஏன் சேர்க்கவில்லை என்று அவர் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.