நெற்றி தரையைத் தொட்ட நாள்

என் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிடலாமா என்று டாக்டர் என் அத்தாவிடம் கேட்டபோது, நான் தூங்குவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தா கள்ளக்குறிச்சி கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பார்த்தே பிழைக்கிற மனிதர். அன்று அவர் என் காலைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் டைம் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

சகோதரிகளே, உங்களுக்கு என் ஸலாம். என் பெயர் ஷமீமா. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் நான் ஸ்டீபிள்சேஸ் ஓடிக்கொண்டிருந்தேன். மூவாயிரம் மீட்டர் ஓட வேண்டும். வழியில் கனமான மரத்தடைகள் இருக்கும். சுற்றுக்கு ஒரு தண்ணீர்ப் பள்ளமும் இருக்கும். சாதாரணத் தடை ஓட்டத்தில் கால் பட்டால் தடை விழும். இதில் தடை அசையாது, நாம்தான் விழ வேண்டும். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை பேண்ட், தலையில் ஸ்கார்ஃப் என்றுதான் ஓடுவேன். அப்படியும் தெருவில் வாய் சும்மா இருக்குமா? "ஆடு மாதிரி தாவறதுக்கா காலேஜுக்கு அனுப்புனீங்க?" என்று ஒரு உறவுக்காரர் அம்மாவிடம் கேட்டார். "ஆடு தாவுனா பிரியாணிக்கு. என் பொண்ணு தாவுனா மெடலுக்கு. போய்க்கினே இருங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். என் வாய்த்துடுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அலமேலுவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அதற்கப்புறம் நடந்து போக வேண்டிய ஊர். பள்ளிக்கூடப் போட்டிகளில் எனக்கு எதிராக ஓடியவள். கல்லூரியில் சேர்ந்த அன்று அவளும் அங்கேயே வந்து நின்றதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம், பிறகு சொன்னாள். ஒரே அணி, ஒரே பந்தயம். ஒருத்தி முதலில் வந்தால் இன்னொருத்தி சாப்பிட மாட்டாள்.

எங்கள் பி.டி. மிஸ் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பின்னால் ஒட்டி ஓடுகிறவளுக்கு முன்னால் ஓடுகிறவள் முதுகுதான் தெரியும், தடை தெரியாது. அதனால் முன்னால் இருப்பவள் தடை நெருங்கும்போது "கட்டை!" என்று கத்த வேண்டும். எவ்வளவு பகை இருந்தாலும் கத்தியாக வேண்டும். கத்தாதவளை மிஸ் அன்று ஓடவே விட மாட்டார். எனக்கு அவள் முதுகு முன்னால் தெரிந்தால்தான் கால் வரும். அவளுக்கு என் மூச்சு பின்னால் கேட்டால்தான் வேகம் வரும். "உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா ஓட வுட்டா கோழி கூட முந்திக்கினு போவும்" என்பார் மிஸ்.

அந்தச் சித்திரையில் மைதானத்துக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. எங்கள் தண்ணீர்ப் பள்ளம் நாங்களே வெட்டி வைத்தது. அடியிலிருந்த சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "இன்னைக்குப் பள்ளத்தைத் தாண்டாதீங்க, சுத்திக்கினு போங்க" என்று மிஸ் சொல்லிவிட்டுத்தான் போனார். முதல் சுற்றில் இரண்டு பேரும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு போனோம். இரண்டாவது சுற்றில் அலமேலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எங்களைப் போல வருடக்கணக்கில் ஒருத்தியை ஒருத்தி துரத்தியவர்களுக்கு அந்தப் பார்வை போதும். "கட்டை!" என்று கத்திவிட்டு அவள் தாவினாள். பின்னாலேயே நானும் தாவினேன். என் இடது கால் ஒரு வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. உடம்பு நிற்காமல் முன்னால் போய்விட்டது.

எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதன் மேல் மண் அப்பியிருந்தது. நான் கத்தவில்லை. கத்தியது அலமேலுதான்.

ஆபரேஷன் செய்தார்கள். காலுக்கு வெளியே கம்பி மாட்டினார்கள். சில நாளில் புண்ணில் சீழ் வைத்தது. மறுபடி சுத்தம் செய்தார்கள், மறுபடி சீழ் வைத்தது. காய்ச்சல் இறங்கவில்லை. அந்த நாற்றம் என் காலிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அம்மா கட்டிலைச் சுற்றி அத்தர் தடவி வைப்பார். தெரியாமல் இருக்குமா? பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா இருந்தார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரில் கால் மாட்டிக்கொண்டவர். தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலம் வைத்துக்கொண்டு விடாமல் வேண்டிக்கொண்டிருப்பார். எனக்கு ஆரஞ்சு உரித்துத் தருவார். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. போர்வையைச் சுருட்டிக்கொண்டு போன அவர் வீட்டுக்காரர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்த அக்கா அவ்வளவு வேண்டியும் ஏன் அப்படி ஆனது, எனக்கு ஏன் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரமலான் அந்தக் கட்டிலிலேயே வந்தது. நோன்பு இல்லை. கட்டின் மேல் ஈரக் கையால் தடவி ஒளு செய்துகொண்டு, படுத்தபடியே தலையசைத்துத் தொழுதேன். "படுத்துக்கினே தொழுவலாம்மா, கண்ணாலயே சைகை பண்ணாலும் அவன் ஏத்துக்குவான்" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் அத்தாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கும் அது தெரியும். கால் இல்லாதவர்களின் தொழுகையும் அவனுக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆனாலும் என் மனம் கேட்கவில்லை. முட்டி போட்டு, நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தா எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் குளிர்ந்த தரை வேண்டியிருந்தது. டாக்டர் அத்தாவிடம் கேட்ட அன்று நான் அழுது கேட்டது இதுதான்: "யா அல்லாஹ், ஓட்டத்தை எடுத்துக்கொள். மெடலை எடுத்துக்கொள். இந்த நெற்றியைத் தரையில் வைப்பதற்கு என் காலை மட்டும் விட்டு வை."

அத்தா கேட்டபடி டாக்டர் இன்னும் சில நாள் பொறுத்தார். மருந்தை மாற்றினார்கள். கடைசியாக ஒரு தடவை திறந்து சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு சீழ் வரவில்லை. கட்டுப் பிரித்துப் பார்த்த டாக்டரே, "நானே நம்பிக்கை விட்டுட்டேம்மா" என்றார். அம்மா அந்த இடத்திலேயே வார்டுத் தரையில் ஸஜ்தாவில் விழுந்துவிட்டார். அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. காலை அவன் விட்டு வைத்தான். ஆனால் அது என் சொல் கேட்கவில்லை. மாதக்கணக்கில் கம்பியில் கிடந்த கால், முட்டி மடங்கவில்லை. கணுக்கால் மரக்கட்டை. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி பார்க்கிற பெண் மடக்கும்போது உயிர் போய்விட்டுத் திரும்பும். நான் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கெஞ்சினார். அத்தா புதுச் செருப்பு எடுத்து வந்து காட்டினார். எதுவும் ஏறவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். எல்லோரும் என்னைப் பார்த்த அந்தப் பரிதாபப் பார்வையில் நான் இன்னும் செத்துக்கொண்டிருந்தேன். துஆ கேட்பதையும் விட்டுவிட்டேன். கேட்டது பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது.

அப்போதுதான் அலமேலு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்து, கால்மாட்டில் நின்றுவிட்டு ஓடிப்போனவள். தான் முதலில் தாவியதால்தான் எனக்கு இப்படி ஆனது என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள். அன்று ஹாஸ்டலிலிருந்து நேரே வீட்டுக்குள் வந்து, பையை வைத்துவிட்டு, எனக்கு எதிரே சுவரில் முதுகைச் சாய்த்தாள். நாற்காலி இல்லாமலேயே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முட்டியை மடக்கி நின்றாள்.

"இன்னாடி பண்ற?" என்றேன்.

"நீ மடக்கி முடிக்கிற வரைக்கும் நான் இப்படியே நிப்பேன். நீ எப்ப நிறுத்துறியோ அப்ப நான் ஜெயிச்சேன்னு அர்த்தம்."

"போடி, பைத்தியம்."

"பைத்தியந்தான். மடக்குடி மொதல்ல."

பிசியோதெரபி பெண் என் காலில் கை வைத்தார். வலி உச்சிக்கு ஏறும் இடம் அலமேலுவுக்கு எப்படியோ தெரிந்தது. அதற்கு ஒரு நொடி முன்னால் "கட்டை!" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எதிரே அவள் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது, வியர்வை சொட்டியது, ஆனால் இறங்கவில்லை. அவளைவிட முன்னால் நான் விடுவதா? அந்த ஒரு எண்ணம்தான் எனக்கு. கடைசியில் அவள்தான் சரிந்து விழுந்தாள். விபத்துக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அம்மா அடுப்படியில் நின்று அழுதார்.

சனிக்கிழமையானால் மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். "வூட்டுக்குப் போவலியா கண்ணு?" என்று அம்மா கேட்டால், "இவள வுட்டா படுத்துக்கினே இருப்பாம்மா" என்பாள். மலைமேல் உள்ள தங்கள் சாமியிடமும் எனக்காகச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாள். அதை அவளிடமே விட்டுவிட்டேன். முட்டி கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது.

ஆனால் அந்தப் பக்கம் அவள் சரிந்துகொண்டிருந்தாள். நான் இல்லாத மைதானத்தில் தனியாக ஓடியவள், போட்டிகளில் பின்னால் பின்னால் போனாள். மிஸ் எத்தனை சத்தம் போட்டும் வேகம் வரவில்லை. "பின்னாடி ஒண்ணுமே கேக்கலடி. காலு தூங்கிப் போவுது" என்றாள் என்னிடம். சென்னையில் ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிற பந்தயம் திருச்சியில் நடக்க இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடி முடித்தால் தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும். முடியாவிட்டால் மலையில் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். என்னை மடக்க வைத்தவளுக்கு நான் எதையும் திருப்பித் தர முடியவில்லை. கம்பு ஊன்றி நடக்கிறவள் யார் பின்னால் ஓட முடியும்?

அவள் பந்தயத்தன்று மாலை அஸர் தொழுகைக்கு நான் முஸல்லாவை விரித்தேன். வழக்கம்போல நாற்காலியை அம்மா கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தள்ளிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குனிந்தேன். பிறகு முட்டியை இறக்கினேன். உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. இறக்கினேன். என் நெற்றி தரையைத் தொட்டது.

குளிர்ச்சியாக இருந்தது. நான் வெகு நேரம் எழவில்லை. இந்த நேரத்துக்காக எத்தனையோ துஆக்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "யா அல்லாஹ், அங்கே அவள் தனியாக ஓடுகிறாள். அவள் தோளோடு ஓட ஒருத்தியைக் கொடு."

மஃரிப் பாங்கு சொல்லி முடித்தபோது போன் வந்தது.

"ஷமீ, தோத்துட்டேன்டி."

அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தேனிக்காரி ஒருத்திடி! எங்கிருந்து வந்தாளோ! ரெண்டாவது ரவுண்டுல ஒட்டுனவ, கடைசி வரைக்கும் வுடவே இல்ல. அவ மூச்சு என் கழுத்துல படுது. உன்ன மாதிரியே இம்சை. ஒரே ஒரு அடியில போயிட்டா பாவி!"

"டைம் இன்னாடி? டைமச் சொல்லு!"

"உள்ள வந்துட்டேன். இந்த மாதிரி நான் எப்பவுமே ஓடுனது இல்ல. எடுத்துக்கிட்டாங்கடி."

சகோதரிகளே, நான் வெற்றியைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டேன். அவன் ஆளை அனுப்பினான். அந்த ஆள் அவளைத் தோற்கடித்தே அவளைக் கரை சேர்த்தாள்.

நான் இனி ஓட மாட்டேன். நடை கொஞ்சம் சாய்வுதான். மழை பிடித்தால் எலும்புக்குள் குடைகிறது. சீழ் திரும்பி வரலாம், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் தினமும் காலையில் என்னோடுதான் எழுந்திருக்கிறது. ஆனால் ஐந்து வேளையும் என் நெற்றி தரையில் படுகிறது. அல்ஹம்துலில்லாஹ். யாராவது கால் முறிந்து கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் எதிரே உட்கார்ந்து போட்டி போடுகிறேன். சிலர் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், திட்டுகிறவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள்.

நீங்களும் எந்தக் கட்டிலில் கிடந்தாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். நான் பாதியில் நிறுத்தியபோதும் அவன் நிறுத்தவில்லை. ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். உதவி எப்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வராது. நிம்மதியாகப் படுக்க விடாத ஒருத்தி உங்கள் வாசலில் வந்து நின்றால், திட்டிக்கொண்டாவது கதவைத் திறந்து விடுங்கள்.