பூஜையில் வைத்த ஃபிளாப்பி

மன்னியுங்கள் தோழிகளே. நம் வகுப்பின் மின்னஞ்சல் குழுவில் படிப்பதோடு நிற்பவள், இன்று எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியின் சரக்கிருப்பு மென்பொருளை அம்பத்தூரில் முதலில் வாங்கியது ஒரு லேத் பட்டறை. அந்த மென்பொருள் ஓடவில்லை என்று காலையில் என்னை அனுப்பினார்கள்.

"இன்னாமா, தொறக்கவே மாட்டேங்குது. இன்னொரு கம்பெனிக்காரன் வந்துகினே கீறான். இன்னிக்கு ஓடலன்னா அவன்கிட்டயே வாங்கிடுவேன்," என்றார் முதலாளி.

எங்கள் ஃபிளாப்பியைச் செருகினால்தான் அது திறக்கும். எடுத்துப் பார்த்தேன். தகட்டு மூடி முழுக்கச் சந்தனம், குங்குமம்; உள்ளேயும் இறங்கியிருந்தது.

"ஆயுதபூஜைக்கு லேத்தோட சேத்து அதுக்கும் வெச்சோம். தப்பாமா?"

"தப்பில்லை சார்."

பையிலிருந்த மாற்று ஃபிளாப்பியைப் போட்டேன். திறந்தது.

அவர் சிரித்துவிட்டார். "அடுத்த வெள்ளிக்கிழமை அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை முதலாளிங்க கூட்டம் கீது. நீயே வந்து இந்த மென்பொருளப் பத்தி எல்லாருக்கும் சொல்லு."

எங்கள் மேனேஜரும் போகச் சொல்லிவிட்டார். இனி வாங்குகிற எல்லோருக்கும் இரண்டு ஃபிளாப்பி தரலாம் என்றேன், ஒன்று வேலைக்கு, ஒன்று பூஜைக்கு. அதற்கும் சரி என்றார்.

ஆனால் நான்கு பேர் முன்னால்கூட நான் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து, பட்டறை முதலாளிகள் மாதிரி முறைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பீர்களா?