தோஆங்காவில் ஊதிய சங்கு

இது நடந்தது. கேள்விப்பட்ட கதையில்லை, என் கண் முன்னால் நடந்தது. தேசியப் பூங்காவைப் பார்க்க வந்து எங்கள் வீட்டில் தங்குகிறவர்கள், "இந்தத் தீவில் பேய் உண்டா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். முன்பெல்லாம் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு மீன் துண்டு வைப்பேன். இப்போது யாராவது அப்படிக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா பெரிய தீவு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். நானோ எங்கள் சின்னத் தீவான ஓலோசெங்காவில் மாட்டிக்கொண்டு தவித்தேன். விமானம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று மூன்று நாளாக இழுத்தடித்தார்கள். முதல் நாள் காற்று. அடுத்த நாள் மழை. மூன்றாம் நாள் வெயில் பளீரென்று அடித்தது, விமானம் மட்டும் வரவில்லை. ஏனென்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

கடைசியில் ஒரு படகு கிடைத்தது. பக்கத்துத் தீவான ஓஃபுவின் துறையிலிருந்து ஆறரைக்குக் கிளம்பும் என்றார்கள். பாலத்தைத் தாண்டினால் ஓஃபுதான். ஆனால் என்னைக் கொண்டுபோய் விட வேண்டியது என் தங்கை லூப்பேயின் புருஷன் துவாலே. அவனுக்கும் அவன் வண்டிக்கும் ஒரே குணம். இரண்டும் சத்தம் போடும், புகை விடும், இடத்தை விட்டு நகராது.

"மாப்ள, எங்கம்மா மூச்சு நிக்கறதுக்குள்ள கெளம்புவியா, மாட்டியா?"

"வண்டி எடுக்கலன்னா நான் என்னக்கா பண்றது? உன்னத் தோள்ல தூக்கிட்டா ஓட முடியும்?" ஒரு சிகரெட்டை அணைத்துவிட்டு அடுத்ததைப் பற்ற வைத்தான்.

வண்டியின் பின்பக்கம் கார்லா ஏறிக்கொண்டாள். பூங்காவுக்கு வந்த அமெரிக்கப் பெண். ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கியவள். அவளுக்கும் அதே படகுதான்.

பாலத்தைத் தாண்டினோம். அதற்கப்புறம் தோஆங்கா கடற்கரை ரோடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மணி ஆறு பத்து. பிடித்துவிடலாம் என்று அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

பூ...ம்ம்ம்...

பொழுது சாயும்போது எங்கள் ஊர்களில் ஜெபத்துக்குச் சங்கு ஊதுவார்கள். நடக்கிறவன் நிற்க வேண்டும். வண்டி நிற்க வேண்டும். மறுபடி சங்கு ஊதும்வரை ரோட்டில் யாரும் அசையக்கூடாது. பால்குடி மறந்த நாளிலிருந்து பழக்கம். துவாலேயின் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"இப்பதானா ஊதணும் இவங்களுக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நானும் துவாலேயும் இறங்கி ரோட்டோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம்.

ரோட்டின் நடுவே ஒருவன் நின்றான். இடுப்பில் துணி, கையில் கம்பு. ஜெப நேரத்தில் ஊர் இளவட்டங்கள் இப்படித்தான் காவல் நிற்பார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை.

கார்லா எட்டிப் பார்த்தாள். "ஏன் நிறுத்திட்டீங்க?"

"சங்கு ஊதினது கேக்கல?"

"சங்கா? எங்க?"

"பேசாம உக்காரு."

மரங்களுக்குப் பின்னால் பாட்டு ஆரம்பித்தது. கூட்டமாகப் பாடினார்கள். முடிந்தது. மறுபடி அதே பாட்டு. முடிந்தது. மறுபடியும் அதே...

எனக்குப் பொறுக்கவில்லை. "பரலோகத்துக்கே போய்ச் சேந்தாலும் இவங்க பாட்ட நிறுத்த மாட்டாங்க போல!"

"நான் போய்ச் சொல்லிப் பாக்கறேன்க்கா. ஆஸ்பத்திரி விஷயம்னா விட்டுருவாங்க." துவாலே எழுந்தான்.

ஜெப நேரத்தில் எழுந்தால் காவல்காரன் கத்துவான். இவன் கத்தவில்லை. ஒதுங்கி வழி விட்டான்.

துவாலே மரங்களுக்குள் போனான்.

பாட்டில் ஒரு குரல் கூடியது. கட்டைக் குரல்...

துவாலேயின் குரல்.

சங்கு ஊதியது.

பாட்டு நின்றது. ரோட்டில் யாரும் இல்லை.

துவாலே வந்தான். சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பியது.

"என்ன சொன்னாங்க?"

அவன் கியரைப் போட்டான்.

"மாப்ள... உன்னத்தான் கேக்கறேன்."

"போலாம்."

துறையில் ஒரு விளக்குதான் எரிந்தது. படகு இல்லை. காவலாளி வெளியே வந்தான்.

"மணி எட்டர ஆகுதுக்கா. அது போய் ரெண்டு மணி நேரமாச்சு."

எட்டரையா! நாங்கள் உட்கார்ந்தது மிஞ்சிப்போனால் கால் மணி நேரம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "தோஆங்கால ஜெபத்துக்கு நிறுத்திட்டாங்கப்பா! நான் என்ன பண்ணுவேன்?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "தோஆங்காலயா? அங்க ஏதுக்கா ஊரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பூங்கா இடம். ஒரு வீடு கிடையாது, ஒரு குடிசை கிடையாது. பிறந்ததிலிருந்து போய்வருகிற ரோடு. சங்கு கேட்டதும் நின்றேனே தவிர, ஊதுவது யார் என்று யோசிக்கவே இல்லை.

நான்கு நாள் கழித்து விமானம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். அவளோ கோபமாக இருந்தாள்.

"ரோட்டோரம் வரைக்கும் வந்துட்டு ஏண்டி உள்ள வரல? உனக்கும் சேத்துத்தான சாப்பாடு எடுத்து வச்சாங்க."

"எங்கம்மா?"

"தோஆங்கால. துவாலே மட்டும் வந்து எம் பக்கத்துல உக்காந்தான். ஆள் வந்தாச்சு, நீ எந்திரிச்சுப் போன்னு என்ன அனுப்பிட்டாங்க. அவன் பாவம், இன்னும் அங்கதான் உக்காந்துருக்கான். போய்க் கூட்டிட்டு வா."

"அம்மா... துவாலே வீட்டுல இருக்கான்."

அம்மா என் கையை விட்டாள்.

"அப்ப அது யாரு?"

இப்போது விமானம் ஒழுங்காக வருகிறது. அம்மாதான் ஊருக்குத் திரும்ப ஏற மாட்டேன் என்கிறாள். லூப்பேயைப் பெரிய தீவுக்குக் கிளம்பி வரச் சொல்லி நானும் தினம் போனில் கெஞ்சுகிறேன். அவள் காதில் ஏறவே இல்லை.

"நான் எதுக்குக்கா அங்க வரணும்? அவரு தங்கமா மாறிட்டாரு. சிகரெட் இல்ல, சத்தம் இல்ல. நீங்கதான் வரணும். தெனமும் உனக்கும் அம்மாவுக்கும் சேத்து சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்றாரு."