மேர்சியின் சுத்தப் புட்டு

குருநகரில் மேர்சி வீட்டுக் கேற்றில் ஒரு பலகை தொங்குகிறது. "சுத்தச் சிவப்பரிசிமாப் புட்டு. பின்னேரம் ஐந்து மணி முதல்." எழுதியது அவளுடைய புருஷன் ஜெறோம். தன் மீன்பிடி வள்ளத்துக்குப் பெயர் எழுதி மிஞ்சிய நீலப் பெயின்ற். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், கரையில் இழுத்துவிட்ட ஏதோ வள்ளத்தின் பெயர் என்றுதான் நினைப்பார்கள்.

ஐந்து மணிக்கு முன்னமே கேற்றடியில் சைக்கிள்கள் நிற்கும். புட்டு அப்படி. சிவப்பரிசிப் புட்டு எப்படி இவ்வளவு மெத்தென்று வருகிறது என்று கேட்டால், "கைப்பக்குவம்" என்பாள் மேர்சி. முதல் சைக்கிள் எப்போதும் கனிசியஸ் மாஸ்ரருடையது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர். மருந்துக் குளிசையை மறப்பார், புட்டை மறக்கமாட்டார். "வெள்ளை மா எனக்கு விஷம். மேர்சியின்ரை சிவப்பரிசிதான் என்னை வைச்சிருக்குது" என்று பூசை முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். மேர்சிக்கு விளம்பரச் செலவு இல்லை.

மேர்சிக்கு ஒரே மகள், ஜெசிதா, பதின்மூன்று வயது. ஒரு வருஷமாகப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்டால் ஊதும், பாடத்தின் நடுவில் எழும்பி ஓடவேண்டும். கையில் கட்டுகிற மணிக்கூட்டுப் பட்டிக்கு ஜெறோம் தூண்டில் முனையால் இரண்டு புது ஓட்டை போட்டும் அது மணிக்கட்டில் சுழன்றது. கடைசியில் இரத்தம் சோதித்த டொக்டர் சொன்னார்: "கோதுமை பிள்ளைக்கு ஒத்துவராது. தூசி அளவும் கூடாது. விடாவிட்டால் பிள்ளை வளராது."

அன்றைக்கே மேர்சி கோதுமைக்கு எதிராகப் போர் தொடங்கினாள். பேக்கரிப் பாண் நின்றது. பணிஸ், றோல்ஸ், நூடில்ஸ் எல்லாம் நின்றன. பிள்ளைக்கு ஏக்கம் வரக்கூடாது என்று வீட்டில் ஒருவருக்கும் இல்லை. பிஸ்கற் பைக்கற்றுகளின் பின்பக்க எழுத்தை, செபப் புத்தகம் வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். பிறந்தநாள் வீடுகளில் கேக் துண்டோடு வருகிற பெண்களைக் கையைக் காட்டி வாசலிலேயே நிற்பாட்டினாள். ஜெறோம் றோஸ் பாணை ஒளித்துத் தின்ன மிஞ்சிய ஒரே இடம் கடல்தான். அங்கேயும் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தின்றான்.

பூசையில் நன்மையாகக் கொடுக்கிற மெல்லிய வெள்ளை அப்பத்தையும் மேர்சி விடவில்லை.

"பாதர், அது என்ன மாவிலை செய்யிறது?"

"கோதுமைதான் மேர்சி. வேறை மாவிலை செய்யக்கூடாது."

"அப்ப என்ரை பிள்ளைக்கு வேண்டாம்."

பாதர் நல்ல மனுசன். ஜெசிதாவுக்குக் கிண்ணத்துத் திராட்சை இரசத்தில் ஒரு வாய் கொடுக்க ஒழுங்கு செய்தார். ஆண்டவரையே அரித்துப் பார்த்துவிட்ட பெண் என்று பங்கு முழுக்க மேர்சிக்குப் பெயர் வந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பாண் போன இடத்துக்குப் புட்டு வந்தது. காலையில் புட்டு, இரவில் புட்டு, பள்ளிக்கூடப் பெட்டிக்குள்ளும் புட்டு.

மூன்று மாதம் போனது. பிள்ளை அரைக் கிலோ குறைந்திருந்தாள். மேர்சி முதலில் பள்ளிக்கூடக் கன்ரீனைச் சந்தேகித்தாள். பிறகு அயலட்டையின் கண்ணூறை. அதற்குப் பிறகு புருஷனை.

"வாயைக் காட்டுங்கோ. பாண் மணக்குது."

"மணந்தால் என்ரை வாய்தானே. பிள்ளையின்ரை வாயில்லையே."

கோபத்தோடு குசினிக்குள் வந்த ஜெறோம் குந்துகிற பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மேர்சி அரிதட்டில் மாவை அரித்துச் சலித்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"உதென்ன மா?"

"புட்டு மா."

"வெள்ளையாக் கிடக்குது. கோதுமை மாவெல்லோ?"

"அவிச்ச மா" என்றாள் மேர்சி, அது வேறு தானியம் என்பதுபோல.

"அவிச்சா கோதுமை இல்லையோ?"

"பச்சை மாவுக்குத்தான் அந்தக் குணமெல்லாம். அவிச்சு அரிச்சா ஆவியோடை போயிடும். வயித்துக்குச் சுகமெண்டுதானே அவிக்கிறம்."

"அப்ப பாணும் பேக்கரிப் போறணையிலை வெந்ததுதானேயப்பா."

அரிதட்டு நின்றது. பிறகு, "கதைச்சது காணும், தேங்காயைத் திருவுங்கோ" என்ற குரல் வந்தது.

மேர்சியைக் கள்ளி என்று சொல்லிவிட வேண்டாம். இந்தத் தீபகற்பத்தில் சிவப்பரிசிமாப் புட்டு என்றால் பாதி அரிசி மா, பாதி அவித்த கோதுமை மா. எல்லா வீட்டுக்கும் தெரிந்த, ஒரு வீடும் வாய்திறந்து சொல்லாத அளவு அது. பலகையில் 'சுத்த' என்று எழுதியதுதான் மேர்சி கூடுதலாகச் செய்தது.

அடுத்த கிழமை கிளினிக். சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற கீர்த்திகா மிஸ் விறாந்தையில் மேசை போட்டிருந்தார். பின்னால் ஆட்கள் உட்காரும் நீள வாங்கில் சீனி வருத்தக்காரர் வரிசை. அதில் முதல் ஆள் கனிசியஸ் மாஸ்ரர்.

"காலமை என்ன சாப்பிடுறனீங்கள்?"

"புட்டு" என்றாள் ஜெசிதா.

"மத்தியானம்?"

"பெட்டியிலை புட்டு. இரவும் புட்டு."

"நல்லது. தனி அரிசிமாப் புட்டுத்தானே, அம்மா?"

ஆமென்று ஒரு 'ஓம்' போதும். பத்து வருஷமாகச் சொல்லிப் பழகிய 'ஓம்'. மேர்சி திரும்பி வாங்கைப் பார்த்தாள். மாஸ்ரர் புன்னகைத்துத் தலையாட்டினார், சாட்சி சொல்ல வந்தவர்போல. மற்றப் பக்கம் மகளின் கை மேசையில் கிடந்தது. மணிக்கூடு முழங்கைப் பக்கம் வழுகிப்போயிருந்தது.

"பாதி" என்றாள் மேர்சி.

"என்ன பாதி?"

"பாதி அரிசி மா. பாதி கோதுமை மா, மிஸ். அவிச்சது."

கீர்த்திகா பேனையைக் கீழே வைத்தார். "பாண் சாப்பிட்ட காலத்திலை பிள்ளை இவ்வளவு கோதுமை சாப்பிட்டிருக்காது, அம்மா."

வாங்கில் தலைகள் திரும்பின. மாஸ்ரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"பிள்ளை மேர்சி, பத்து வரியமா என்ரை வருத்தத்துக்கு உன்ரை புட்டையெல்லோ மருந்தெண்டு சாப்பிட்டனான்."

மேர்சி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். வீட்டுக்கு வந்து, மிச்சக் கோதுமை மாவை மீனுக்குக் கொட்டச் சொல்லி ஜெறோமிடம் கொடுத்தாள். அரிதட்டையும் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியையும் வெளியே போட்டுப் புதிது வாங்கினாள்.

தனி அரிசிமாப் புட்டு குறுணிக்கல்போல வந்தது. தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் உள்ளே இறங்கியது. கேற்றடியில் சைக்கிள்கள் குறைந்தன. கிளினிக் கதை எட்டாத வாடிக்கைக்காரர் இரகசியமாய்க் கேட்டார்கள்: "என்ன மேர்சி, என்னத்தையோ கலக்கத் தொடங்கிட்டாய் போலை?" பலகை அதே இடத்தில்தான் தொங்கியது. முதல்முறையாக அது உண்மை சொல்லத் தொடங்கியபோது ஒருவரும் நம்பவில்லை.

நாலாம் மாதம் ஒருநாள் கனிசியஸ் மாஸ்ரர் வந்தார். கேற்றைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்கு நீ செய்யிறதைச் செய். எனக்கு மட்டும் அந்தப் பழைய சுத்தப் புட்டிலை ஒரு பார்சல் கட்டு."

"அந்த மா இனி இந்தப் படி ஏறாது, மாஸ்ரர்."

"ஒரு சின்னச் சட்டியிலை, தனியா?"

"தூசி அளவும் கூடாதாம்."

மாஸ்ரர் சட்டைப் பையில் சில்லறையைத் தேடினார். பிறகு புதுப் புட்டையே வாங்கிக்கொண்டு, விழுங்கத் துணைக்கு நாலு வாழைப்பழமும் வாங்கப் போனார். சீனி வருத்தக்காரனுக்கு நாலு பழம் ஆகாதே என்று மேர்சி சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். அன்று ஜெசிதாவின் பள்ளிச் சட்டைத் தையல் பிரித்து விரிக்கிற வேலை இருந்தது. சட்டை இறுகுமளவுக்குப் பிள்ளை உடம்பு வைத்திருந்தாலும், துணி தோய்த்துச் சுருங்கிவிட்டது என்றுதான் பிள்ளையிடம் சொன்னாள். கண்ணூறு விஷயத்தில் இப்போதும் அவளுக்குக் கொஞ்சம் பயம்தான்.