சென்னை – மதுரை, ஒன்னேகால் மணி நேரம்

போன ஆவணியில தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மயிலாடும்பாறைப் பக்கம், மச்சான் வீட்டுக் குலதெய்வக் கோயில்ல. புள்ளைய மடியில வைக்க வேண்டிய தாய்மாமன் நான். அவளுக்குக் கூடப் பொறந்தவன்னு நான் ஒருத்தன்தான். புள்ளைக்குப் போடுற கம்மலும் எங்கிட்டத்தான் இருந்துச்சு.

"முதநா ராத்திரியே பஸ் ஏறிருண்ணே. மாமியா வீட்டு ஆளுக ஒரு மாதிரி, நீ வரலைன்னா என்னையத்தான் பேசுவாக"ன்னு ஒரு வாரமா போன்ல கெஞ்சுனா. நான் கேக்கணுமே! "அட போத்தா, சென்னையில இருந்து மதுரைக்குப் பிளேன்ல ஒன்னேகால் மணி நேரம். நீ தேனிக்குப் போயி பூ வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள நான் அங்கன நிப்பேன்"னேன். திருப்பூர்ல இருந்து வர்ற சித்தப்பா மகனையும் விடல. "ஏலே, நீ ராவெல்லாம் பஸ்சுல முட்டிய மடக்கிட்டு வா, நான் மேகத்து மேல வாறேன்"னு சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டேன். எம்புட்டுக் கொழுப்பு!

பிளேன் சொன்ன நேரத்துக்கு எறங்கிருச்சு. அதைக் குத்தம் சொல்ல முடியாது. மதுரையில கார் பிடிச்சு, காலி ரோட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தேன். மூர்த்த நாளன்னைக்கு உசிலம்பட்டி எப்படியிருக்கும்னு எனக்கா தெரியாது? மண்டபத்து முன்னால சீர் ஊர்வலம் ஒன்னு ரோட்ட அடைச்சுப் போகுது. எவனோ ஒரு தாய்மாமன் கொட்டுமேளத்தோட, தட்டோட, நேரத்துக்குப் போயிக்கிட்டிருந்தான். நான் பின்னால உக்காந்து டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறயில போன் வந்துச்சு. "எங்கண்ணே இருக்க? நல்ல நேரம் முடியப்போகுது." அவ பின்னால மாமியா குரல்: "ஆகாசத்துல வாறாகளாம்ல தாய்மாமன், எறங்க எடம் கெடைக்கலையாக்கும்?" சுத்தி ஒரே சிரிப்பு. 

தாலி கட்டி முடிஞ்ச பெறகு மேளக்காரன் வந்த கணக்காப் போயி நின்னேன். புள்ள சித்தப்பா மகன் மடியில இருந்துச்சு. காதுல நாத்தனா மகளோட கம்மல். தன் மக காதுல கெடந்ததக் கழட்டிக் குடுத்தாகளாம்.

தங்கச்சி அழுது கண்ணு வீங்கியிருந்துச்சு. ஆனாலும் எல்லாரும் கேக்க, "எங்கண்ணன் என்ன செய்யும், பிளேன் லேட்டு"ன்னா. நானும் மண்டைய ஆட்டுனேன். நாக்கப் பிடுங்கிக்கிறலாம் போல இருந்துச்சு.

"போட்டோவுக்காச்சும் உக்காருண்ணே"ன்னா. சித்தப்பா மகன் எந்திரிச்சுப் புள்ளைய எம்மடியில வச்சான். போட்டோக்காரர் கேட்டுக்கிட்டபடி ஆசாரி குத்துற மாதிரி ஊசியக் காதுகிட்டக் கொண்டுபோனாரு. மறுபடியும் குத்தப் போறாகன்னு நெனச்சு, புள்ள என் நெஞ்சில ரெண்டு கையாலயும் அடிச்சு வீறிட்டுக் கத்துச்சு. நெசமாக் குத்தயில கூட இம்புட்டு அழுகலையாம். "சூப்பர், அப்படியே இருங்க"ன்னாரு போட்டோக்காரர்.

அந்தப் போட்டோவத்தான் தங்கச்சி வீட்டுக்குள்ள பெருசா மாட்டியிருக்கா. வர்றவுகல்லாம் பாத்துட்டு, "தாய்மாமன் மடியில என்னமா அழுதிருக்கு"ன்னு சிரிக்கிறாக. தங்கச்சியும் சேந்து சிரிக்கிறா.

புள்ள மட்டும் இன்னமும் என்னையக் கண்டா ரெண்டு காதையும் பொத்திக்கிருது.