ஓயாத கட்டைவிரல்

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வதால் எல்லோருக்கும் அவள் எலியக்கா. பெயரில்தான் எலி, வாயைத் திறந்தால் புலி. அந்தப் புலி தன் வீட்டு அடுப்பைக் கண்டு நடுங்கியது.

மூளையில் ரத்தம் கசிந்து பிழைத்து வந்த கணவர், நேரம் காலம் இல்லாமல் டீ போடக் கிளம்பிவிடுவார். அடுப்பைப் பற்றவைப்பார், மறந்துவிடுவார். ஒருநாள் தோளில் கிடந்த துண்டில் தீப்பிடித்தது. அன்றிலிருந்து சிலிண்டரை மூடிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். நெருப்பே வராத அடுப்போடு எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவார்? நெம்புகோலை அழுத்தித் தீனி தின்று பழகிய எலிகூட, தீனி நின்றுபோனால் நாலு நாளில் அலுத்துப்போய் மூலையில் சுருண்டுவிடுகிறதே! அந்தக் கணக்கில்தான் அவள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு எலி மட்டும் விடவில்லை. தீனி நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி அதன் பாதம் சிவந்துவிட்டது. ஆராய்ச்சி நடத்தும் டாக்டரிடமே கேட்டாள்.

"இது மட்டும் ஏன் டாக்டரம்மா ஓயவே மாட்டேங்குது?"

"அதுக்கு மூளையில ஒரு சின்ன இடத்தைச் சேதப்படுத்தியிருக்கோம்க்கா. இனிமே வராதுன்னு புரிஞ்சுக்கற இடம் அதுதானோன்னு பாக்கறோம்."

அவளுக்குச் சட்டென்று கணவரின் மூளையில் கசிந்த ரத்தம் நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. காலையில் சிலிண்டரை மூடினேனா?

போட்டது போட்டபடி ஓடினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தெருமுனைத் தேய்ப்புக் கடையின் ஆவிகூட அவளுக்குப் புகையாகத் தெரிந்தது.

சிலிண்டர் மூடித்தான் இருந்தது. அவர் அடுப்பின் முன் நின்று லைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் கொப்புளம்.

"வாம்மா. களைச்சுப்போய் வருவியேன்னு உனக்கு டீ போடறேன். இதோ, பத்திக்கும்."

இத்தனை நாளும் எனக்காகவா? அழுதுகொண்டே குனிந்து சிலிண்டரைத் திறந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டே பற்றவைத்தாள். குப்பென்று நீல நெருப்பு வந்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. டீயில் சர்க்கரையே இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

பிறகு அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, டம்ளர்களைக் கழுவப் போனாள். முதுகுக்குப் பின்னால் லைட்டர் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். இதுவரை அவர் அவ்வளவு வேகமாகத் தட்டி அவள் பார்த்ததில்லை.

"பாத்தியா? விடாம தட்டினா பத்திக்கும்னு சொன்னேன்ல!"